கயிற்றின் மறுமுனையில் யார்?

தொழிற்பேட்டைகளிலும் துறைமுகங்களிலும் இன்று நன்றாக விலைபோகும் சரக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் 'இன்ஸ்பெக்‌ஷன் ரெடி'. ஒப்பந்ததாரர்களுக்கு இதற்கென்றே ஒருநாள் வகுப்பு எடுக்கிறார்கள். கன்சல்டன்ட் இருக்கிறார். அச்சடித்த பதிவேடுகள் செட்டாகக் கிடைக்கின்றன, மாதச் சந்தாவுக்கு மென்பொருள் கிடைக்கிறது. ஹெல்மெட், ஷூ, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் கழுத்தில் தொங்கும் தேதி அட்டை, டூல்பாக்ஸ் மீட்டிங் வருகைப்பதிவு எல்லாம் ஆய்வாளர் வரும் நாளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இருந்தால் நீங்கள் ரெடி. யாருக்கு ரெடி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆய்வாளருக்கு ரெடி. தொட்டிக்குள் இறங்கப்போகிறவன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

2025 செப்டம்பரில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் நின்ற ஒரு பார்ஜின் பாலஸ்ட் தொட்டிக்குள் மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஒருவர் வடநாட்டுப் பையன், மற்ற இருவரும் நம் கடற்கரை ஊர்க்காரர்கள். இரண்டு நாள் செய்தியாக ஓடியது. பிறகு ஊர் வேறு வேலைக்குப் போய்விட்டது.

பாலஸ்ட் தொட்டி என்பது கப்பலோ பார்ஜோ சரக்கில்லாமல் மிதக்கும்போது நிலைதடுமாறாமல் இருக்கத் தண்ணீர் நிரப்பி வைக்கும் இரும்பு அறை. தண்ணீரை வெளியேற்றியபின் அது வெறும் அறைதான். விஷவாயு வேண்டாம், ரசாயனம் வேண்டாம், ஒன்றுமே வேண்டாம். உப்புநீர் பட்ட இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்கும் இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும். மூடி போட்டு நாட்கணக்கில் கிடந்த தொட்டியைத் திறந்தால் உள்ளே வாடை இருக்காது, புகை இருக்காது, கண் எரியாது. காற்று மாதிரியேதான் இருக்கும். நாம் சுவாசிப்பதில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 10க்குக் கீழே போனால் ஆள் மயங்குவான். 6க்குக் கீழே என்றால் சில மூச்சுகளிலேயே கால் மடங்கிவிடும், கூப்பிடக்கூட நேரம் இருக்காது. மேலே நிற்பவனுக்கு ஒருத்தன் விழுந்து கிடப்பது தெரிகிறது. அவன் என்ன செய்வான்? இறங்குவான். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி மூடிய இடங்களில் நடந்த சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று சொல்லியிருக்கிறது. நம்மூர் கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர் என்றே வருவதற்கும் இதுதான் காரணம்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள், அதைச் சோதித்துத் தகுதியுள்ள ஆள் எழுத்தில் சான்று தராமல் யாரையும் இறக்கக்கூடாது. அது இல்லையென்றால் சுவாசக்கருவி மாட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி, அந்தப் பெல்ட்டில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கப்பலிலும் துறைமுகத்திலும் வேலை செய்பவர்களுக்கு 1986இல் தனிச் சட்டமும் 1990இல் விதிகளும் வந்தன. சட்ட வரிகளில் எனக்குப் பிடித்தது அந்தக் கயிறுதான். சொல்லப்போனால் அது சட்டம் எழுதியவர்கள் கண்டுபிடித்தது இல்லை, இந்தக் கடற்கரைக்கு ரொம்பப் பழையது.

முத்துக்குளிப்பவர் இடுப்பில் கூடையோடு, காலைக் கல்லில் ஊன்றி இறங்குவார். கல்லுக்கு ஒரு கயிறு, கூடைக்கு ஒரு கயிறு. இரண்டின் முனையும் தோணியில் இருப்பவர் கையில். கீழே இருக்கப்போவது ஒரு நிமிடம் சொச்சம். கயிறு சுண்டினால் இழுக்க வேண்டும், சுண்டாவிட்டாலும் நேரம் பார்த்து இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும், ஏனென்றால் தங்கச்சி தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. உண்மையிலேயே எல்லாத் தோணியிலும் மச்சான்தான் இருந்தாரா என்பது முக்கியமில்லை. அந்தப் பேச்சுக்குள் இருக்கும் அறிவு முக்கியம். உள்ளே போனவன் வெளியே வராவிட்டால் யாருக்கு நஷ்டமோ அவன் கையில் கயிறு இருக்க வேண்டும். பாதுகாப்பு மேலாண்மை பற்றி நான் படித்த எந்தக் கையேடும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

அதற்காகப் பழையது எல்லாம் பொற்காலம் என்று கிளம்ப வேண்டாம். கொற்கையைப் பற்றி வெளியூர்க்காரர் எழுதிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்'. பாண்டியர் ஆட்சியில் இருந்த அந்த ஊரில் முத்தெடுக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அந்தக் கிரேக்க மாலுமி எழுதி வைத்திருக்கிறான். செத்தால் கணக்குக் கேட்க ஆளில்லாதவனை இறக்குவது என்ற யோசனைக்கு இரண்டாயிரம் வயது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த, மேஸ்திரிக்கு மட்டுமே பெயர் தெரிந்த பையன். தாமிரபரணி மண் தள்ளியதில் கொற்கை கடலைவிட்டு உள்ளே போய்விட்டது. யோசனை மட்டும் கரையிலேயே நிற்கிறது.

13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த மார்க்கோ போலோ இன்னொரு சுவையான தகவல் தருகிறார். முத்துக்குளிப்பில் சுறாக்களை மந்திரத்தால் கட்டிப்போட ஆட்கள் இருந்தார்களாம். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்கு. கடல்கட்டிகள் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட இவர்களுக்கு வெள்ளைக்கார அரசும் 19ஆம் நூற்றாண்டில் கூலி கொடுத்து வைத்திருந்தது. இதில் மார்க்கோ போலோ சொல்லும் ஒரு விவரம் என்னை விடுவதில்லை. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் ஆனதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இரவில் எவனும் திருட்டுத்தனமாக முத்தெடுக்கக்கூடாது என்பதற்காக. அதாவது முதலாளி வேலை நடக்கும் நேரத்தில் சுறாவிடமிருந்து பாதுகாப்பு, மற்ற நேரத்தில் அதே சுறா முதலாளிக்குக் காவல். ஆடிட் வரும் வாரத்தில் மட்டும் பளபளக்கும் சேஃப்டி பெல்ட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடல்கட்டி ஞாபகம்தான் வரும்.

வெள்ளைக்காரர்கள் ஆய்வு செய்யவில்லையா என்றால், பிரமாதமாகச் செய்தார்கள். முத்துப் பார்களுக்கென்று அதிகாரி இருந்தார். தோலாயிரம் பார் மாதிரியான இடங்களில் தோணி விட்டு, சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அறுத்து, முத்தை எண்ணி, மதிப்புப் போட்டு, லாபம் வரும் என்று தெரிந்தபின்தான் குளிப்பை அறிவிப்பார்கள். கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும், ஒன்று குளித்தவருக்கு. சிப்பியின் வயதுகூட ஆவணத்தில் இருக்கிறது. சரக்கை ஆராய்வதில் அரசுக்கு இருந்த கூர்மை, ஆளைப் பார்ப்பதில் கடல்கட்டி அளவோடு நின்றுவிட்டது.

நான் தொழிலால் மென்பொருள்காரன். சில வருடங்களுக்கு முன், ஒரு பெரிய ஆலையின் பணி அனுமதிப் படிவங்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருந்தேன். ஆபத்தான வேலை தொடங்குமுன் இன்னார், இன்ன இடத்தில், இன்ன சோதனை செய்தபின், இத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று கையெழுத்திட்டுத் தரும் சீட்டுதான் பணி அனுமதி. பழைய பதிவுகளை உள்ளே ஏற்றும்போது அவற்றைப் படிக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான தொட்டி நுழைவுகள். ஆக்சிஜன் கட்டத்தில் எல்லாவற்றிலும் 20.9. ஒன்றில்கூட 20.7 கிடையாது, 20.4 கிடையாது. கருவியில் பார்த்து எழுதியிருந்தால் வேலை நடக்க நடக்க எண் கொஞ்சமாவது ஆடும். இது பாடப்புத்தகத்தில் பார்த்து எழுதிய எண். சில சீட்டுகளில் வேலை முடிந்த நேரத்துக்கு அப்புறம் சோதனை நேரம் போட்டிருந்தது. முப்பது பேருக்கான பாதுகாப்புப் பேச்சு வருகைப்பதிவில் முப்பது கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. இதைச் சுட்டிக்காட்டியபோது அங்கிருந்தவர் கோபப்படவில்லை, பாவம், நல்ல மனுஷன்தான். "தம்பி, ஆடிட்டர் கேக்கது கட்டம் காலியா இருக்கக்கூடாதுன்னுதாம்லா? நெறஞ்சிருக்குல்லா?" என்றார். நிறைந்துதான் இருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2015இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் கதை. தன்னைப் பரிசோதனைக் கூடத்தில் ஓட்டுகிறார்களா, சாலையில் ஓட்டுகிறார்களா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளைக் காருக்குள் வைத்திருந்தார்கள். பரிசோதனை என்றால் புகை சுத்தமாக வரும், சாலை என்றால் பழையபடி. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கார்கள். உலகமே அதை மோசடி என்றது, அபராதம் போட்டது, ஆட்களைச் சிறைக்கு அனுப்பியது. ஆனால் ஆய்வாளர் வரும் நாளில் ஒரு மாதிரியும் வராத நாளில் வேறு மாதிரியும் நடக்க ஒப்பந்ததாரருக்குச் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பெயர் பயிற்சி. சான்றிதழும் உண்டு.

ஆய்வு இன்னும் கடுமையாக இருந்தால் சரியாகிவிடும் என்பவர்கள் கராச்சியைப் பார்க்கட்டும். 2012 ஆகஸ்டில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தரச்சான்று கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 11ஆம் தேதி அந்த ஆலை எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வழிகளில் அடைப்பு. சான்று கொடுத்தது ஓர் இத்தாலிய நிறுவனம். ஆனால் நேரில் போய்ப் பார்க்கும் வேலையை அது உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் விட்டிருந்தது. வேலையைத்தான் உள்ஒப்பந்தம் விடுவார்கள் என்று நினைத்திருந்தோம், ஆய்வையே விட்டிருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே, 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது. உரிமம் ஒருவர் பெயரில், ஆலையோ பலருக்கு உள்குத்தகை. ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு முதலாளி. உரிமத்தில் எழுதிய நிபந்தனைக்கு யாரைக் கேட்பது? உரிமக்காரர் குத்தகைக்காரரைக் காட்டுவார், குத்தகைக்காரர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி செத்துப்போயிருப்பார்.

நான் சொல்லவருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒப்பந்தம் என்பது வேலையை மட்டும் பிரித்துக் கொடுப்பதில்லை, கயிற்றையும் வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. முதன்மை நிறுவனத்திடம் ஒரு துண்டு, அதன் ஒப்பந்ததாரரிடம் ஒரு துண்டு, அவர் வைத்த உள்ஒப்பந்ததாரரிடம் ஒரு துண்டு. எல்லாரும் அவரவர் துண்டைப் பத்திரமாகப் பிடித்திருப்பதற்கு ஆவணம் காட்டுகிறார்கள். துண்டுகளுக்கு நடுவே முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலையும் இல்லை. டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. வாயு அளக்கும் கருவிக்கும், தொட்டி வாயில் எட்டு மணி நேரம் சும்மா நிற்க ஓர் ஆளுக்கும் விலைப்பட்டியலில் தனி வரி பெரும்பாலும் இருப்பதில்லை. "பாதுகாப்புச் செலவு உட்பட" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 'உட்பட' என்ற சொல்லைப் போல மலிவான சொல் தமிழில் இல்லை. எங்கே விலையைக் குறைப்பது என்று பார்க்கும் ஒப்பந்ததாரர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சும்மா நிற்கும் ஆள்.

தூத்துக்குடியில் உட்கார்ந்து 'கம்ப்ளையன்ஸ்' என்றால் எல்லாரும் ஸ்டெர்லைட் பக்கம் திரும்புவார்கள். அது வேறு கணக்கு, இன்னும் தீராத கணக்கு. நான் பேசுவது பெரிய ஆலை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் தினமும் நடக்கும் சில்லறைச் சாவுகளைப் பற்றி.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை இல்லை. முதலாவது, இன்ஸ்பெக்டர் ராஜ். ஆய்வாளர் வருவார், கவர் வாங்குவார், போவார். அது நிஜம். ஒரு சிறு ஒப்பந்ததாரரின் ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அரசு கண்ட மருந்தைப் பாருங்கள். 2014 அக்டோபரில் ஷ்ரம் சுவிதா இணையதளம் வந்தது. எந்த ஆய்வாளர் எந்த ஆலைக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போடும், அறிக்கையை 72 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புக் கோடில் ஆய்வாளரின் பெயரே 'ஆய்வாளர் மற்றும் வசதி ஏற்படுத்துபவர்' ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேர் இருந்தால் பொருந்தும், இப்போது 50 பேர் வேண்டும். மின்சாரம் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலை ஆவதற்கு 10 பேர் போதும் என்றிருந்தது, இப்போது 20. பார்ஜ் சுத்தம் செய்ய எந்த ஒப்பந்ததாரர் ஐம்பது பேர் வைத்திருக்கிறார்? லஞ்சம் என்ற வியாதி முதலாளிக்கும் அதிகாரிக்கும் நடுவே இருந்தது. வைத்தியமும் அவர்கள் இருவருக்கும்தான் நடந்திருக்கிறது. மூன்றாவது ஆள் அந்த அறையில் எப்போதும் இல்லை.

இரண்டாவது வாதம் கனமானது. காகிதத்தை இளக்காரமாகப் பேசாதே, விபத்துக்கு அப்புறம் விதவைக்குப் பணம் வாங்கித் தருவது அந்தக் காகிதம்தான் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். வருகைப்பதிவில் பெயர் இல்லாதவன் செத்தால் அவன் அங்கே வேலையே பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். விபத்து நடந்த அன்றைக்கே இ.எஸ்.ஐ. பதிவு நடக்கும் அதிசயத்தைப் பற்றித் தொழிலாளர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதனால்தான் கேட்கிறேன், அந்தக் காகிதம் ஏன் உள்ளே போகிறவன் கண்ணில் படுவதே இல்லை? அது ஏன் ஆங்கிலத்தில் இருக்கிறது? அவனுடைய கையெழுத்து 'எனக்கு விளக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே மட்டும் ஏன் வருகிறது? நான் பார்த்த அனுமதி மென்பொருள்களில் அதிகாரிக்கு 'ஏற்கிறேன்', 'நிராகரிக்கிறேன்' என்று இரண்டு பொத்தான் உண்டு. இறங்குகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. அவன் அந்த மென்பொருளில் பயனர் இல்லை, ஒரு வரிசை எண்.

சட்டத்திலும் அவன் நிலை அதுதான். போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த பிரிவு, ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைகளில் உடனடி ஆபத்து இருப்பதாகப் பட்டால் தொழிலாளி அதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்கலாம் என்றது. புதிய கோடும் தெரிவிக்கலாம் என்கிறது, ஆய்வாளருக்கும் சேர்த்துத் தெரிவிக்கலாம், ஆபத்து உண்டா என்பதில் ஆய்வாளர் முடிவே இறுதி. தெரிவித்துவிட்டு அதுவரை வெளியே நிற்கலாமா, நின்றால் அன்றைய கூலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை, ஆபத்தென்று நியாயமாகக் கருதி விலகி நின்றவனைத் தண்டிக்கக்கூடாது என்று 1981லேயே சொல்லிவிட்டது.

சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த ராமநாதபுரத்து ஆட்களிடம் பேசினால் வித்தியாசம் தெரியும். அங்கே 2009இல் வந்த விதிப்படி மூடிய இடத்துக்கு வெளியே கண்காணிக்க ஒருவர் கட்டாயம். அவர் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று சொல்லி அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது. (சிங்கப்பூர் சொர்க்கம் இல்லை. அதே ஆட்களை லாரியின் பின்பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போகிற ஊர்தான்.) ஊருக்குத் திரும்பி இங்கே வேலைக்குப் போனால் அதே வாய் மூடிக்கொள்கிறது. ஆள் ஒருவர்தான், அறிவும் ஒன்றுதான். முடியாது என்று சொன்னால் இங்கே நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அந்தத் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். கப்பல் ஓட்டியதற்காக என்று எல்லாரும் சொல்வார்கள். 1908இல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் நிறுத்தியதைச் சொல்பவர்கள் குறைவு. கேட்டது கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை. வார விடுமுறை 1891ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது! பதினேழு வருடம் சட்டப் புத்தகத்தில் இருந்த விடுமுறையை மில்லுக்குள் கொண்டுவரத் தொழிலாளர்கள் ஒன்பது பத்து நாள் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டியிருந்தது. அந்த மில்லும் அன்றைய அளவில் ஆய்வுக்குத் தயாராகத்தான் இருந்திருக்கும்.

எனவே என் கோரிக்கைகளில் பதிவேடு எதுவும் இல்லை. தொட்டி வாயில் கயிறு பிடிக்கும் ஆள் முதன்மை நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும், எந்த ஒப்பந்ததாரர் வழியாகவும் வரக்கூடாது. டெண்டரில் அந்த ஆளுக்கும் வாயுக் கருவிக்கும் தனி விலை, பேரம் பேச முடியாத விலை. அனுமதிச் சீட்டு இறங்குகிறவன் மொழியில், அவன் மறுக்கிறேன் என்று எழுத ஒரு கட்டத்தோடு. மறுத்த நாளுக்கும் முழுக் கூலி. ஆய்வாளர் அறிக்கை ஆலை வாசலில், தமிழிலும் இந்தியிலும் ஒட்டப்பட வேண்டும்.

இதில் செலவே இல்லாத ஒன்றை எனக்குத் தெரிந்த ஓர் ஒப்பந்ததாரரிடம் சொல்லிப் பார்த்தேன். 36ஆம் பிரிவை நான்கு வரியாகச் சுருக்கி ஒவ்வொரு தொட்டி மூடியின் மேலும் பெயிண்டில் எழுதிப்போடுங்கள் அண்ணாச்சி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுதிப் போட்டா எவன் தம்பி உள்ள எறங்குவான்?" என்று கேட்டார். அவர் அதை என் யோசனைக்கு மறுப்பாகத்தான் சொன்னார். இறங்க மாட்டான், அண்ணாச்சி. காற்றடிக்கும் விசிறியை வாடகைக்கு எடுத்து, ஒரு நாள் முழுக்க ஓட்டி, கருவியை இறக்கி எண்ணைக் காட்டும்வரை இறங்க மாட்டான். உங்கள் பார்ஜ் ஒரு நாள் தாமதமாகப் புறப்படும்.